பழைய ஜிப்சிக்கு இந்த விலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைத்தோட்டத்துக்கு ஏறி இறங்க நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும் என்று ஆறு மாதமாக ஆன்லைன் ஏலங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் மாருதி ஜிப்சி, மஹிந்திரா எம்எம் 540 எல்லாம் மெக்கானிக் ஷெட் ஓரத்தில் மழையில் நனைந்து கிடக்கும், பேரம் பேசி ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். இப்போது பெரிய டயர், முன்னால் சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் விஞ்ச், கூரையில் நாலு விளக்கு மாட்டிப் படம் போட்டால் போதும், ஏலம் முடிகிற கடைசி இரண்டு நிமிடத்தில் விலை எகிறுகிறது.

சரி, ஜிப்சி தயாரிப்பும் நின்றுபோச்சு, ஆசைப்பட்டவர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த மாற்றமெல்லாம் ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், ஏறியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. 15 வருடம் தாண்டிய வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் வலி தெரியும்.

நான் நேரில் பார்த்த ஒரு ஜிப்சியில் ஓடுவது டீசல் இன்ஜின், ஆர்சியில் இருப்பது பெட்ரோல். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பார்க்கக் குனிந்தால் அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட், நகத்தால் சுரண்டினால் அடியில் துரு. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றார் விற்க வந்தவர். யார் பார்ப்பது?

ஆர்சி நகலும் சேசிஸ் எண் படமும் இல்லாமல் எந்த வண்டியையும் ஏலத்தில் விடக் கூடாது என்று போக்குவரத்துத் துறை உத்தரவு போடட்டும்.

– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்