கறிக்கடைக்கு வாட்டமும் வேண்டும், புளியங்கட்டையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய சந்தைகளை இடித்துக் கட்டும்போது கறிக்கடையையும் மளிகைக்கடை போலவே கட்டிவிடுகிறார்கள். தாழ்ந்த கூரை, இரும்பு ஷட்டர், வழுவழுப்பான டைல்ஸ். கறிக்கடைக்கு இது ஒத்துவராது.

குளிர்பெட்டி இல்லாத காலத்தில் விடியலில் அறுத்த ஆட்டை உச்சிக்குள் விற்றாக வேண்டும். அதுவரை கறியைக் காத்தது நிழலும் காற்றும்தான். ஓட்டுக்கூரை உயரமாக இருந்ததால் சூடு மேலேறி ஓட்டிடுக்கில் வெளியேறியது. முன்தாழ்வாரம் வெயிலை மறித்தது. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் 3 மீட்டர் உயரம் கேட்கின்றன. ஆடுகளைத் தொங்கவிடும் கொக்கிகளுக்கு இடையே 30 செ.மீ. விடச் சொல்வதும் காற்றுக்காகத்தான். ஒன்றோடொன்று உரசும் இடம் உலராமல் முதலில் பிசுபிசுக்கும்.

தரையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் ஓட, 3 மீட்டருக்கு 5 செ.மீ. வாட்டமாவது (சரிவு) இருக்க வேண்டும் என்பது விதி. கொத்தனார் சமமாகப் பூசிவிட்டால் தண்ணீர் மூலையில் தேங்கும். வெட்டு விழும் அதிர்ச்சியில் டைல்ஸ் விரிசல் விட, ரத்தநீர் அடியில் இறங்கும். பிறகு எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் வாடை போகாது. கறி வெட்டும் கட்டை நிற்கும் இடத்திலாவது சொரசொரப்பான கருங்கல் பலகை பதிக்கலாம். சாக்கடை வாயில் எலும்புத் துணுக்கைத் தடுக்கச் சல்லடை அவசியம். கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர். எடுத்ததுமே வெந்நீர் ஊற்றினால் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் அதன்பின், கொழுப்புக்கு.

அடுத்து கட்டை. செயற்கைப் பலகையைச் சொல்லும் விதி, கெட்டியான வன்மரத் தண்டையும் ஏற்கிறது. நம் ஊரில் அது புளி. அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, நார் மேல்நோக்கி நிற்கும்படி வைப்பதால் கத்தி நாருக்கு இடையே இறங்கும்; முனையும் சீக்கிரம் மழுங்காது, சிராயும் கறியில் அதிகம் சேராது. வாங்கும்போது நடுவைத் தட்டிப் பார்க்க வேண்டும். கிழட்டுப் புளியில் உள்ளே பொந்து விழுந்திருக்கும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும், நிழலில்தான் மெதுவாக உலர வேண்டும். அன்றாடம் கடை கட்டும்போது கத்தியால் சுரண்டி, கல்லுப்புப் போட்டுத் தேய்த்து, காற்றுப்பட விட வேண்டும். நடுவில் குழி விழுந்தால் இழைத்துச் சமன்செய்யலாம். விரிசல் ஆழமாகப் போனால் அந்தக் கட்டையை மாற்றிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்