கைத்தொலைபேசியை அவசியமாக்கியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

அன்றாட வாழ்வுக்குக் கைத்தொலைபேசி உண்மையில் அவசியந்தானா என்று தங்கள் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஒரு சாரார் அதனால் இளையோர் கெட்டழிகிறார்கள் என்று எழுத, மறு சாரார் அது இல்லாமல் இனி எதுவும் நடவாது என்று எழுதுகிறார்கள். இரு சாராருமே இதனை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி தீர்மானிக்கும் விடயமாகவே கருதுகிறார்கள். இலங்கையின் வடக்கே வன்னியில் வாழும் ஒரு முதியவருக்கோ, கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணுக்கோ அந்தத் தீர்மானம் அவர்கள் கையில் இல்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தெற்காசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989 ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கப்பட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்களில் மிகப் பெரும்பாலானோர் அக்கருவியைத் தமதென்று கையில் எடுத்ததோ, 2009 இல் போர் முடிந்து, முகாம் வாழ்க்கையும் கழிந்து, சொந்தக் காணிகளுக்குத் திரும்பிய பின்னர்தான். இடைப்பட்ட காலத்தில் தபால் பை தாமதமாகவேனும் வந்தது. அது வராத நாட்களில் செஞ்சிலுவைக் குழுவின் குடும்பச் செய்திப் படிவமும், வவுனியாவுக்குப் போய்வருபவர் கையில் கொடுத்தனுப்பிய துண்டுக் கடிதமும் இருந்தன. இதைச் சொல்வதால் அந்தக் காலத்தை நான் புகழ்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியும் முடிந்த பின்னரே மரணச் செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளின் கடிதங்கள், உப தபாலதிபராக இருந்த என் கைகளின் ஊடாகவே சென்றிருக்கின்றன. தொலைபேசி வேண்டாம் என்று சொல்பவர்கள் அந்த வாழ்க்கையை ஒரு மாதமேனும் வாழ்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, அழைப்பெடுக்கும் வசதி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. வயலில் பாம்பு கடித்தவரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலை தேடி ஓடிய ஊர்களில், இன்று 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் பணம் எதுவும் பெறாமல் அம்புலன்ஸ் வருகிறது. மேற்கு, தென் மாகாணங்களில் 2016 இல் ஆரம்பிக்கப்பட்ட அச்சேவை 2018 இல் வடக்குக்கும் விரிவாக்கப்பட்டதை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற காட்டோரப் பகுதிகளில் யானை வயலுக்குள் இறங்கிவிட்டது என்று அயலவருக்கு அறிவிக்கவும், கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்கவும் தொலைபேசிதான் உதவுகிறது. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொத்தான் வைத்த மலிவான போன் ஒன்றே தாராளமாகப் போதும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பொது இடத்தில் ஒழுங்காக இயங்கும் ஒரு தொலைபேசி இருந்தால் அதுவும் வேண்டியதில்லை. தொலைபேசிக் கூண்டுகள் எல்லாம் வழக்கொழிந்து போனதால்தான் அந்த வழி அடைபட்டது.

தொடுதிரைப் போன் வேறு வழியாக வீடுகளுக்குள் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டன. பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்று காப்பை அடகு வைத்தும், கடைகளில் தவணைக் கடனுக்கும் பெற்றோர் போன் வாங்கினார்கள். ஏற்கெனவே நுண்கடன் நிறுவனங்களின் கிழமைத் தவணைக்குப் பயந்து வாழ்ந்த குடும்பங்கள் அவற்றுள் அடங்கும். அப்போது வேறு வழி இருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பாடசாலைகள் திறந்து இவ்வளவு காலம் ஆன பின்னரும், வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடக்கூடிய வீட்டுவேலை இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் வருவது ஏன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ரீலோட் போடக் காசில்லாத வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கிறது. டிக்டொக்கைப் பற்றிக் கவலைப்படும் பெரியவர்கள், போனைப் பிள்ளையின் கையில் கொடுக்க வைத்தவர்கள் நாமேதான் என்பதையும் சேர்த்து யோசித்தால் நல்லது.

இதைவிடப் பாரதூரமானது அலுவலகங்களின் போக்கு. உதவித்திட்டத்துக்கு விண்ணப்பிப்பதா, வங்கிக் கணக்கில் ஒரு திருத்தம் செய்வதா, எதற்கும் முதலில் கேட்கப்படுவது தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்துக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொல்லாவிட்டால் வேலை அடுத்த கட்டத்துக்கு நகராது. போன் இல்லாதவர் என்ன செய்கிறார்? சந்தியில் உள்ள கொமினிகேசன் கடைக்குப் போய், அடையாள அட்டையை நீட்டி, காசும் கொடுத்து, பெரும்பாலும் கடைக்காரரின் அல்லது யாரோ ஓர் அயலவரின் இலக்கத்தைத் தன்னுடையதாகப் பதிவு செய்விக்கிறார். பிற்காலத்தில் அவருடைய கொடுப்பனவு பற்றிய தகவல்கள் யாருக்குப் போகும், அந்தக் கடவுச்சொற்கள் யார் கண்ணில் படும் என்பதைப் பற்றி எந்த அலுவலரும் கேட்பதாகத் தெரியவில்லை.

வேறு வழி உண்டு என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடக் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தபோது, அது போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான ஏற்பாடு என்றே பலரும் நினைத்தோம். பதிவு செய்வதற்கு ஓர் இலக்கம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் ஒருமுறை பதிந்த பின், குறியீட்டைத் தாளில் அச்சிட்டு, லமினேற் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டே எம் கமக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்படும் வரை அந்தத் தாள் செல்லுபடியானது. இவ்வளவு பெரிய நெருக்கடியில், நாடு முழுவதற்குமான பங்கீட்டில், ஒரு துண்டுத் தாள் போதுமானதாக இருந்ததென்றால், ஓர் உரமானிய விபரத்துக்கோ ஒரு கூட்ட அறிவித்தலுக்கோ அது ஏன் போதாது?

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். கைத்தொலைபேசி மிகவும் தேவைப்படும் வேளையிலேயே அது கைவிடக் கூடியது. 2018 டிசம்பரில் பெருமழையில் இரணைமடுக் குளம் பெருக்கெடுத்து, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் வெள்ளம் புகுந்ததை நாம் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது நாட்டின் பல மாவட்டங்களில் தொலைத்தொடர்பே அறுந்துபோனது. மின்சாரம் நின்றால் கோபுரத்தின் மின்கலமும் சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும், வீட்டில் உள்ள போனின் கதியும் அதுதான். குளத்தின் கதவு திறக்கும் அறிவித்தலை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. ஒலிபெருக்கி கட்டிய வாகனமும், கோயில் மணியும், ஊரில் வீடு வீடாகப் போகக்கூடிய இரண்டு இளைஞரும் இப்போதும் வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் அரச, தனியார் நிறுவனங்களை நோக்கியது. பிரதேச செயலகங்களும் கமநல சேவை நிலையங்களும் வங்கிகளும் தொலைபேசி இலக்கம் இல்லை என்ற காரணத்துக்காக எவரையும் திருப்பி அனுப்பலாகாது. கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இட்டு நேரில் அலுவல் முடிக்கும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். கொமினிகேசன் கடைக்குப் போகும் வேலைகளை உப தபாலகங்களிடம் ஒப்படைக்கலாம் என்பது என் யோசனை. மின்சாரக் கட்டணம் ஏற்பதும் முதியோர் கொடுப்பனவு வழங்குவதும் தபாலகங்களுக்குப் பழக்கமான பணிகள். விண்ணப்பதாரரின் அடையாளத்தை உறுதிசெய்து பதிவதும் அங்கே முடியும், இரகசியமும் காக்கப்படும். இது என் தொழிற்பற்று பேசுவது என்று வாசகர்கள் எண்ணினால் எண்ணட்டும்.

உடனடியாகச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அடுத்த சிறுபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் எப்போது, எத்தனை ஏக்கருக்கு நீர், வாய்க்கால் துப்புரவு எந்த நாளில் என்ற விபரங்களைக் கமக்காரர் அமைப்புகளின் வட்ஸ்அப் குழுவில் இடும் அதே நாளில், கிராம அலுவலர் பணிமனையின் அறிவித்தல் பலகையிலும் கூட்டுறவுக் கடை வாசலிலும் ஒட்டுமாறு உரிய அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர் ஒருவர்,
கிளிநொச்சி.