வற்றின மாட்டுக்கும் ஃபேன் போடு

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியேதான். நேற்று மல்லிகா பேசினாள். கறவை மாடுகளுக்கு ஃபேன் மாட்டிவிட்டு, பால் வற்றின சினை மாடு இரண்டையும் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டாயாமே! கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே பெரியப்பா கதைக்குத் தாவிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பால் தராத மாட்டுக்கு எதற்குக் கரண்ட் செலவு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் ஈனுவதற்கு முந்தைய அந்த ஆறேழு வாரத்தில்தான் வயிற்றுக் கன்று வேகமாக வளர்கிறது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இதை வருடக்கணக்கில் சோதித்தார்கள். சினையின் கடைசி வாரங்களில் சில மாடுகளுக்கு நிழல், ஃபேன், தண்ணீர்த் தெளிப்பு மூன்றும். மற்றவற்றுக்கு வெறும் நிழல். வெறும் நிழலில் நின்ற மாடுகளின் கன்றுகள் எடை குறைவாகப் பிறந்தன. அந்தக் கிடேரிகள் வளர்ந்து முதல் ஈத்துக்கு வந்தபோது நாளுக்குச் சுமார் 2.2 கிலோ பால் குறைந்தது. அவற்றின் மகள்களுக்கும் 1.3 கிலோ குறைவு! 2020இல் வெளிவந்த கணக்கு இது. அவை ஹோல்ஸ்டீன் மாடுகள், உன் ஜெர்சி கலப்பினத்துக்கு இதே எண் வராது. ஆனாலும் ஒன்றை யோசி: அங்கே நஷ்டப்பட்ட கூட்டத்துக்கும் நிழல் இருந்தது, உன் மாடுகளோ கத்திரி வெயிலில் தகரத்துக்கு அடியில் நிற்கின்றன.

பேத்தி வரைக்கும் எப்படிப் போகிறது என்று கேட்பாய். வயிற்றில் இருப்பது கிடேரி என்றால், அதன் கருமுட்டைகளும் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. ஆக, ஒரு மாடு சூட்டில் இரைக்கும்போது மூன்று தலைமுறை சேர்ந்து வேகிறது. ஜீனில் ஓர் எழுத்துக்கூட மாறுவதில்லை. எந்த ஜீன் எங்கே, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகள் டிஎன்ஏவின் மேல் ஒட்டியிருக்கும், அவைதான் இடம் மாறுகின்றன. எபிஜெனெடிக்ஸ் என்பது இதைத்தான். வயிற்றிலேயே சூடுபட்ட கன்றுகளின் ஈரலிலும், அப்படிப் பிறந்து வளர்ந்த பசுக்களின் மடியிலும் இந்தக் குறிகள் வேறுபட்டிருந்ததையும் அங்கேயே பார்த்தார்கள். குறைவு முழுவதற்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது, சூட்டில் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போகும் சத்தும் குறைகிறது.

எனக்கு ஆற்றாமையே இதில்தான் செல்வி. கிடேரியே பிறக்க வேண்டும், நல்ல காளையின் வம்சமாக இருக்க வேண்டும் என்று விலை கூடின சினை ஊசியாகத் தேடிப் போட்டாய். அவ்வளவு காசு கொடுத்து வாங்கின வம்சத்தைக் கடைசி வாரங்களில் வெயிலில் விட்டால் எப்படி? அந்தக் கிடேரி பாலுக்கு வர இரண்டரை, மூன்று வருடம் ஆகும். அப்போது பால் குறைந்தால் தீவனத்தைத் திட்டுவாய், ஊசி போட்டவரைத் திட்டுவாய், இந்த மே மாதம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பெரிய செலவெல்லாம் வேண்டாம். இரண்டையும் வேப்பமரத்தடிக்கு மாற்று, ஒரு ஃபேனை அந்தப் பக்கம் திருப்பு, மதியம் இரண்டு மூன்று தடவை உடம்பு நனையத் தண்ணீர் அடி, தொட்டியில் எந்நேரமும் குடிதண்ணீர் இருக்கட்டும். தண்ணீர் அடித்துவிட்டு ஃபேன் போடாமல் விடாதே, காற்று பட்டு ஈரம் காய்ந்தால்தான் சூடு இறங்கும்.

அப்புறம், மல்லிகா மகள் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவேன், ராத்திரி உன் வீட்டில்தான். பெரியப்பா சீட்டுக்கட்டை இப்போதே ஒளித்து வை. ஃபேனை மாற்றிவிட்டு ஒரு போட்டோ அனுப்பு, இன்றைக்கே.

அன்புடன்,
உன் கீதா