முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். மகள் வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தையைத் தனியாகச் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். உன்னால் முடியும். உன் முதுகுவலியை மட்டும் மகளிடம் மறைக்காதே. அவளுக்குத் தெரிந்தால்தான் அதற்கேற்ப ஏற்பாடு செய்வாள்.

கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய்: "பெரிய வண்டி கைக்கு வந்துவிட்டதா?" அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

வண்டியை ஏன் மாற்றினோம் என்பது உனக்குத் தெரியும். இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அப்பாவால் பழைய வண்டியில் ஏற முடியவில்லை. அதன் இருக்கை மிகத் தாழ்வு. அவர் குனிந்து உட்காரும்போதெல்லாம் வலியில் முகம் சுருங்கும். இறங்கும்போது இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். சக்கர நாற்காலியோ டிக்கியில் நுழையவே நுழையாது. புது வண்டியின் இருக்கை சரியாக இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அவர் பின்பக்கமாகத் திரும்பி, உட்கார்ந்து, கால்களை உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார். யார் துணையும் இல்லாமல் அவர் முதல்முறை அப்படி உட்கார்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆனால் ஓட்ட வேண்டியவள் நான். 14 வருடம் ஒரே சின்ன வண்டியை ஓட்டியவள். அது 3.6 மீட்டர் நீளம், 1.65 மீட்டர் அகலம். இது 4.7 மீட்டர் நீளம், 1.83 மீட்டர் அகலம். தாளில் எழுதிப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. முதல் நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது, வீட்டின் ஒரு அறையையே நகர்த்திக்கொண்டு போவது போல இருந்தது. எதிரே வண்டி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. நெஞ்சு படபடக்கும் என்பதற்காகவே அப்பாவின் மருத்துவமனை நாட்களில் வேறு யாரையாவது ஓட்டச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஒரு அடித்தளப் பார்க்கிங்கில் தூணில் உரசிவிட்டேன். முன்பக்கம் தூணைத் தாண்டிவிட்டது. இனி பயமில்லை என்று திரும்பிக்கொண்டிருக்கும்போதே பின் கதவில் 'கிரீச்' என்று சத்தம். ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. அப்பா பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். "பரவாயில்லை, இறங்கிப் பார், எதனால் பட்டதென்று பார்" என்றார். திட்டாமல் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. இறங்கிப் பார்த்தேன்.

அன்று புரிந்துகொண்டதை உனக்கு விவரமாகவே சொல்கிறேன். நீயும் அண்ணனின் வண்டியை வாங்கிக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறாய் அல்லவா, உனக்கும் உதவும். வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது. எப்போதும் வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும். எவ்வளவு வெட்டும் என்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பொறுத்தது. என் பழைய வண்டியில் அந்தத் தூரம் 2.4 மீட்டர், இதில் 2.75 மீட்டர். வெளிப்பக்க முன்சக்கரம் 5.8 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள். அதே பக்கத்துப் பின்சக்கரம் பழைய வண்டியில் சுமார் 52 சென்டிமீட்டர் உள்ளே வரும். இதில் கிட்டத்தட்ட 69 சென்டிமீட்டர். வித்தியாசம் ஒரு சாணுக்கும் குறைவுதான், 17 சென்டிமீட்டர். அதுதான் என் கதவில் கோடாக விழுந்தது.

இது தெரிந்த பிறகு செய்ய வேண்டியது எளிது. தூணோ சுவர் முனையோ உள்பக்கம் இருந்தால், முன்பக்கம் தாண்டியதுமே ஒடிக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் நேராகப் போய், நம் தோள் அந்த முனையைக் கடந்த பிறகு ஒடிக்க வேண்டும். அப்போதும் கண் முன்னால் மட்டும் இருந்தால் போதாது. வளைவின் உள்பக்கத்தில் இருக்கும் பக்கக் கண்ணாடியில் பின்சக்கரம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரிவர்ஸ் எடுப்பதும் இதனால்தான் எனக்குப் பிடித்துப்போனது. முன்பு அதற்குத்தான் அதிகம் பயந்தேன். திரும்புவது முன்சக்கரம் மட்டும்தானே? முன்பக்கமாக ஒரு பார்க்கிங் கட்டத்துக்குள் நுழைந்தால், பின்பாகம் பக்கத்து வண்டியை வெட்டிக்கொண்டு வரும். பின்பக்கமாக நுழைந்தால், திரும்பாத பாகம் முதலில் இடத்தில் போய் அமர்ந்துவிடும். திரும்பும் பாகம் வெளியே தாராளமான இடத்தில் இருக்கும், அதை வைத்து நேராக்கிக்கொள்ளலாம். வெளியே எடுக்கும்போதும் சாலையைப் பார்த்தபடி வரலாம். ஒரு எச்சரிக்கை: ரிவர்ஸில் ஒடிக்கும்போது வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கமாக அகலமாக வீசும். பின்னாலேயே கண்ணை வைத்திருந்தால் முன் பம்பர் பக்கத்து வண்டியில் பட்டுவிடும்.

தூணில் உரசிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மைதானத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரரும் வந்தார். காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஒரு பார்க்கிங் கட்டம் செய்தார். 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். பெரும்பாலும் கட்டங்கள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கின்றன. மூன்று மணி நேரம் அதே கட்டத்தில் வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பழகினேன். நினைத்த இடத்தில் நிறுத்துவேன், ஹேண்ட்பிரேக் போடுவேன், இறங்கிப் போய்ப் பார்ப்பேன். உட்கார்ந்த இடத்திலிருந்து கோட்டை ஒட்டி நிற்பதாகத் தெரியும். இறங்கிப் பார்த்தால் ஒரு அடி இடம் மிச்சம் இருக்கும். பின்னால் இடித்துவிட்டோம் என்று நினைத்த இடத்தில் ஒரு ஆளே நிற்கலாம். என் பயத்தில் பாதி, வண்டியை அதன் உண்மையான அளவைவிடப் பெரிதாக நினைத்ததால் வந்தது. பத்துப் பதினைந்து முறை இறங்கி ஏறிய பிறகு கண்ணும் உண்மையும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன. பழைய டிரைவர்கள் "ஜட்ஜ்மென்ட் வரும்" என்பார்களே, அது இப்படித்தான் வருகிறது.

இதைப் பற்றி நான் படித்த ஒன்று மனதிலேயே நிற்கிறது. 1911-இல் ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நம் உடம்பைப் பற்றி மூளை வைத்திருக்கும் வரைபடம் தோலோடு முடிந்துவிடுவதில்லை, தொப்பியில் இறகு செருகிய பெண்ணுக்கு அது இறகின் நுனிவரை நீளும் என்கிறார்கள். பார்வையில்லாதவர் கைத்தடியின் நுனியில் தரையை உணர்வதும் அப்படித்தானே? பழைய வண்டியின் நான்கு மூலைகளும் 14 வருடத்தில் என் உடம்பாகவே ஆகியிருந்தன. புது வண்டியில் ஏறியபோதும் மூளை அந்தப் பழைய உடம்பை வைத்தே கணக்குப் போட்டது. எனக்குத் திறமை போய்விட்டதோ, வயதாகிவிட்டதோ என்று அழுத நாட்கள் உண்டு. அதைப் படித்த அன்று அந்தக் கவலை போயிற்று. உடம்பு இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

அன்று மைதானத்தில் வேறொன்றும் பார்த்தோம், அதை நினைத்தால் இப்போதும் உள்ளுக்குள் நடுங்குகிறது. வண்டியின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, எனக்குத் தெரியும்வரை வண்டியைவிட்டுத் தள்ளி நகர்த்திக்கொண்டே போனார் வீட்டுக்காரர். பானெட் உயரம் என்பதால் நான்கு எட்டு தள்ளிப் போன பிறகுதான் வாளி என் கண்ணில் பட்டது. அந்த இடைவெளியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரியாது. பின்பக்கம் இன்னும் மோசம், கேமரா இருப்பதால்தான் தெரிகிறது. அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமராவைக் கட்டாயமாக்கியதற்குக் காரணமே ரிவர்ஸ் வண்டிகளில் குழந்தைகள் அடிபட்டதுதான். முன்பக்கத்துக்கு அப்படி ஒன்று பல வண்டிகளில் இல்லை. அன்றிலிருந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் நான் எடுப்பதில்லை. பேத்தி தவழ்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து நீயும் இதை இன்றே ஆரம்பி. யாராவது வண்டி எடுக்கும்போது அவள் யார் கையில் இருக்கிறாள் என்று கேட்டுவிட்டே சாவி போடச் சொல்.

கேமராவையும் முழுக்க நம்பிவிடாதே. திரையில் தெரியும் கோடுகள் தரை மட்டத்துக்குப் போட்ட கணக்கு. லாரியின் பின்பலகை போலத் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது, உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகவே தெரியும். சென்சாரும் மெல்லிய கம்பியையும் தாழ்வான கல்லையும் சில நேரம் விட்டுவிடுகிறது. சந்தேகம் வந்தால் நான் இறங்கிவிடுகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

கண்ணாடி வைப்பதிலும் ஒரு திருத்தம் செய்தேன். இத்தனை வருடம் பக்கக் கண்ணாடியில் என் வண்டியின் கதவு பாதி தெரியும்படி வைத்திருந்தேன். ஜார்ஜ் பிளாட்ஸர் என்ற பொறியாளர் 1995-இலேயே ஒரு முறையை எழுதியிருக்கிறார். நம் வண்டியின் பக்கம் கண்ணாடியிலிருந்து மறையும்வரை வெளியே திருப்ப வேண்டும், அப்போது பக்கத்தில் ஒளிந்துகொள்ளும் வண்டி தெரியும். இரண்டு நாள் சங்கடமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. பார்க்கிங் செய்யும்போது மட்டும் பின்சக்கரமும் கோடும் தெரியும்படி கண்ணாடியை உள்ளேயும் கீழேயும் கொண்டுவந்துவிடுவேன்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழையது 900 கிலோ, இது 1,700 கிலோ. ஒரே வேகத்தில் போனாலும் இதன் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதைத் தாங்கும் அளவுக்குத்தான் பிரேக் செய்திருக்கிறார்கள், ஆனால் என் காலுக்குப் பழைய பழக்கம். அதனால் முன்னால் போகும் வண்டியிலிருந்து 3 வினாடி தள்ளியே போகிறேன். உயரமான வண்டி என்பதால் வளைவில் சாய்கிறது, அப்பாவுக்கு வலிக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் அவர் தூங்கிக்கொண்டே வருகிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2.5 மீட்டர் கட்டத்தில் இந்த வண்டியை நடுவில் நிறுத்தினால் ஒரு பக்கத்துக்கு 33 சென்டிமீட்டர்தான் மிச்சம். அதில் நாற்காலியைக் கொண்டுபோய் அப்பாவை இறக்கவே முடியாது. அதனால் முதலில் வாசலில் அவரை இறக்கிவிடுகிறேன், இல்லையென்றால் ஓரக் கட்டம் கிடைக்கும்வரை சுற்றுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான அகலக் கட்டத்தில் யாரோ ஐந்து நிமிடத்துக்கு என்று நிறுத்திவிட்டுப் போயிருப்பதைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. அந்த அகலம் எதற்காக என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

கதவில் விழுந்த கோட்டை இன்னும் சரிசெய்யவில்லை. அடுத்த மாதம் செய்யலாம் என்றிருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். அப்பாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டும், பேத்தியையும் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவராக ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல்முறை. நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். நீ எனக்கு மூன்று விஷயம் எழுதி அனுப்பு. உன் வீட்டு கேட்டின் உள்ளகலம் எவ்வளவு? கண்ணாடிகளை மடக்கினால் வண்டியின் அகலம் 1.83 மீட்டர், விரித்திருந்தால் 2.1 மீட்டர்; கேட் அதைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். கேட்டுக்கு முன்னால் சந்து எத்தனை மீட்டர் அகலம்? திரும்பும் முனையில் அந்தப் பழைய கல் இன்னும் இருக்கிறதா? டேப் வைத்து அளந்து எழுது, குத்துமதிப்பாக வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய தோழி