தொம்பையைப் பிரிக்க வேண்டாம் கண்ணு

கண்ணு,

போன வாரம் போனில் பேசும்போது, தானியம் கொட்டி வைக்கும் நம் தொம்பையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ரூம் போடலாம், பணம் நான் அனுப்புகிறேன் என்று சொன்னாய். நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அப்புறம் யோசித்தேன், இதைப் போனில் சொல்ல முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும்.

நீ மூணாவது படிக்கும்போது இரண்டு ஏக்கரிலும் குச்சிக்கிழங்கு வைத்தேன். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், உன் படிப்புச் செலவு அதில்தான் வந்தது. காட்டு ஓரத்துக்கே லாரி வரும், கிழங்கு கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகும், கையில் பணம். சாமையென்றால் உன் அம்மா விடியுமுன் உரலில் போட்டுக் குத்த வேண்டும், அரை நாள் குத்தினால் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி. நம் கொல்லிமலையில் பெண்கள் சாமையை விட்டதற்கு யாரும் அவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் நான் செய்த தப்பு வேறு. விதைக்கு என்று ஒரு படிகூட எடுத்து வைக்கவில்லை. தொம்பையில் கடைசியாகக் கிடந்த மல்லியச்சாமையை ஒரு ஐப்பசி அடைமழையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது சமைத்துச் சாப்பிட்டுவிட்டோம். உன் ஆயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்கள், நானும் நம்பிவிட்டேன்.

கிழங்கு விலை இறங்கியபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. 2020-க்குப் பிறகு மாவுப்பூச்சி வந்து, குருத்தெல்லாம் சுருண்டு காடே நின்றபோதுதான் சாமை ஞாபகம் வந்தது. விதைக்கு எங்கே போவது? கடையில் கிடைக்கிற சரக்கா அது? 1990-களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலைக்கு வந்து, ஊர் ஊராக விதை வங்கி வைக்கவும் சாமை அரைக்க மிஷின் போடவும் உதவினார்களே, அந்த வழியில் வந்த ஒரு குழுவில் கேட்டேன். கட்டவெட்டிச்சாமை இருந்தது, சுருட்டைக் கேழ்வரகு இருந்தது, மல்லியச்சாமை மட்டும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் நாலைந்து ஊர்க்காரர்கள் விதை மாற்றிக்கொள்ளக் கூடினோம். முறத்திலும் சுரைக்குடுக்கையிலும் அவரவர் கொண்டு வந்ததைப் பரப்பி வைத்திருந்தார்கள். நம் மலையிலேயே சேலூர் நாட்டிலிருந்து வந்த ஒரு பாட்டி என் ஊரைக் கேட்டார், வீட்டைக் கேட்டார், ஆயா பேரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மழை பொய்த்த ஒரு வருஷம் அவர்கள் வீட்டில் விதையே இல்லாமல் போக, ஆயா ஒரு படி மல்லியச்சாமை கொடுத்தார்களாம். அன்றிலிருந்து வருஷம் தப்பாமல் விதைக்கிறாராம். அந்தப் பாட்டி எனக்கு ஒரு படி அளந்து போட்டார். ஆயா இருந்திருந்தால் அதை மடியில் வாங்கியிருப்பார்கள்.

ஒரு படி கால் ஏக்கருக்குத்தான் காணும். அதற்குக் கணக்கு உண்டு: ஒரு படி வாங்கினால் இரண்டு படி திருப்ப வேண்டும். அதைப் பாட்டியிடமே கொண்டுபோனால் அவர் யாருக்காவது அளந்து விடுவார். இதில் காசு பேசுவதே இல்லை. இப்படிக் கொடுத்து வாங்குவது சட்டப்படி சரியா என்று நீ ஒரு தடவை கேட்டாயே, 2001-ல் வந்த சட்டத்திலேயே விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. பாதுகாப்புப் பதிவு பெற்ற ரகத்தை கம்பெனி மாதிரி பேர் போட்டு விற்கத்தான் கூடாது.

எதற்கு இத்தனை ரகம் என்றும் கேட்பாய். கட்டவெட்டி சீக்கிரம் அறுப்புக்கு வரும், பெருஞ்சாமை காட்டில் ரொம்ப நாள் நிற்கும். மழை ஒன்றைக் கெடுத்தாலும் இன்னொன்று சோறு போடும். ஒரே ரகத்தை நம்பி நான் பட்டது போதும்.

இப்போது தொம்பையில் சாமை இரண்டு ரகம், கேழ்வரகு ஒன்று, மொச்சை கொஞ்சம் இருக்கிறது. நொச்சி இலை போட்டு, வாயைச் சாணி மெழுகி அடைத்திருக்கிறேன். அதில் பாட்டிக்குச் சேர வேண்டிய இரண்டு படி தனியாக இருக்கிறது. அதனால் பிரிக்க வேண்டாம். ரூமைப் பலாமரத்துப் பக்கம் போட்டுக்கொள்ளலாம், அங்கேயும் இடம் இருக்கிறது.

புரட்டாசியில் கதிர் முற்றும். விதைக்கதிரை அறுப்புக்கு முன்னாலேயே காட்டில் பார்த்துப் பொறுக்க வேண்டும், அது உன் அம்மா வேலை. இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, கையால் தடவிப் பார்த்துத்தான் எடுக்கிறாள். நாலு நாள் லீவு கிடைத்தால் வா. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் உனக்குத் தலை சுற்றும், தெரியும், எலுமிச்சம்பழம் ஒன்று வைத்துக்கொள்.

அப்பா