ராஸ் தீவின் பொத்தான்களைத் திருப்பித் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

அந்தமானின் ராஸ் தீவில் (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) கிடைத்து, பல வருடங்களாகப் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வீடுகளின் அலமாரிகளில் கிடந்த பழைய ராணுவச் சீருடைப் பொருட்களை ஒன்றுசேர்த்து, பட்டியல் எழுதி, உரிய அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டோம். கொடுத்தவர்கள் எல்லோரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, தீவில் புதர் வெட்டிய தொழிலாளர்களுக்கு. 1858-இல் கைதிகளைக் கொண்டுவந்து காடு திருத்தியதிலிருந்து 1941 ஜூன் நிலநடுக்கம் வரை அந்தமானை ஆங்கிலேயர் ஆண்டது அந்தச் சின்னத் தீவிலிருந்துதான். 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். போர் முடிந்தபின் தலைமையகம் அங்கே திரும்பவே இல்லை. படைவீடு, தேவாலயம், ரொட்டி அடுப்பு எல்லாவற்றையும் ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டன. அந்த வேர்களுக்கு நடுவே பித்தளைப் பொத்தான், இடுப்புவார் கொக்கி, ஆணி அடித்த பூட்ஸ் அடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கி எறியாமல் எடுத்து வைத்தவர்கள் இவர்கள். அதில் ஒருவர், "இத வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் கூடக் காத்திராமல் ஒரு பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தார்.

அந்த டப்பாவில் இருந்தவற்றைக் காப்பாற்றியது ஒரு வேதியியல் ஆசிரியை. கடற்காற்றின் உப்பு பித்தளைக்குள் இறங்கிவிட்டால் வெளிர்பச்சைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். நம் ஊர் ஈரத்தில் அது நிற்காது. புளி போட்டுத் தேய்க்காதீர்கள் என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, பிறகு காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வைக்கச் சொல்லித் தந்தார். செலவுக்கு ஒரு பைசா வாங்கவில்லை.

அப்புறம், அபர்தீன் பஜார் தையல்காரர் அண்ணன். ஒரு பொத்தானின் பின்வளையத்தில் நகக்கண் அளவு கம்பளித் துணுக்கு ஒட்டியிருந்தது. நான் அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன். அவர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கை இழையால் தைத்து, வளையத்தடியில் நூலைச் சுற்றி முடிந்திருப்பதைக் காட்டினார். செம்பின் உப்பு கிருமிகளை அண்டவிடாததால், மீதிச் சட்டை மண்ணோடு மண்ணாகியும் அந்தத் துணுக்கு மட்டும் பிழைத்திருக்கிறது. பிரிட்டிஷ் காலாட்படையில் 1871-க்கு முன் சாதாரணச் சிப்பாயின் பொத்தானில் ரெஜிமென்ட் எண் இருக்கும். அதன்பின் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கும் அரச முத்திரை போட்ட ஒரே பொத்தான். வயதைக் கணிக்க இதுவும் உதவியது.

இரண்டு பேருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நங்கூரமும் செர்ரிப் பூவும் பொறித்த ஜப்பானியக் கடற்படைப் பொத்தான் ஒன்றைத் தந்த பெரியவருக்கு. 1944 ஜனவரி 30 அன்று தெற்கு அந்தமானின் ஹோம்ஃப்ரேகஞ்சில் ஜப்பானியர் 44 பேரைச் சுட்டுக் கொன்ற காலம் அது. அந்தப் பொத்தானை வீட்டில் வைத்திருப்பதே அவருக்குப் பாரமாக இருந்தது. ஆனாலும் கடலில் வீசாமல் கொண்டுவந்து தந்தார்.

இன்னொருவர், கைதிகளின் வழிவந்த 'லோக்கல் பார்ன்' குடும்பத்து அக்கா. அவர் தந்தது கழுத்துச் சீட்டு: கைதி எண், தண்டனைப் பிரிவு, தீர்ப்பு நாள், விடுதலை நாள் எல்லாம் குறித்துக் கழுத்தில் தொங்கவிட்ட மரத்துண்டு. "அதுவும் யூனிஃபார்ம்தானே, பக்கத்திலேயே வையுங்க" என்றார். அந்தக் கட்டடங்களை எழுப்பியவர்கள் கழுத்தில் கிடந்தது அது. பட்டியலில் பொத்தான்களுக்கு முன்னால் அதைத்தான் எழுதினோம். அது சரி என்றே நினைக்கிறேன்.

படகில் ஏற்றி இறக்கிய தம்பிகளுக்கும், ஒவ்வொரு பொருளையும் பொறுமையாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வாங்கிய அலுவலருக்கும் மனமார்ந்த நன்றி.

இன்னும் யார் வீட்டிலாவது இப்படி ஏதாவது இருந்தால், துலக்காமல், கழுவாமல், எந்த இடத்தில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி அப்படியே கொண்டுவாருங்கள். வாங்கிக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
போர்ட் பிளேரிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்