எஸ்டிமேட் போடுபவர்கள் ஒரு சுவராவது கட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

களப்பயிற்சி என்ற பெயரில் எஸ்டிமேட் போடும் அலுவலக ஊழியர்கள் கையில் ஒருநாள் கொத்துக் கரண்டியைக் கொடுத்து, படம் பிடித்து, பிரியாணி போட்டு அனுப்புவதால் கட்டட நிறுவனங்களுக்குப் பயனில்லை. கொத்து வேலையின் லட்சணம் பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

ஐந்தடி நீளம், நான்கடி உயரத்தில் ஒன்பது அங்குலச் சுவர் ஒன்று போதும். நம் பக்கத்துச் சூளைக்கல் சுமார் 180 பிடிக்கும். சிமென்ட் முக்கால் மூட்டைக்குள் முடியும். பாதிச் சுவரை நன்றாக ஊறிய கல்லிலும், மறுபாதியை வெயிலில் கிடந்த கல்லிலும் கட்டச் சொல்லுங்கள். காய்ந்த கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். பத்து நாள் நனைத்தபின் சுத்தியலால் தட்டினால், அந்தப் பக்கத்துக் கல் கலவை ஒட்டாமல் மொட்டையாகக் கழன்று வரும். தண்ணீர் ஊற்றுவதும் அந்த ஊழியர்களே. வாட்ச்மேன் தலையில் கட்டக்கூடாது.

கலவை 1:6, அதாவது சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு என்று கணினியில் தட்டிவிடலாம். ஒரு மூட்டை சிமென்ட் ஒன்றேகால் கன அடி. அதற்கு எம்சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) ஏழரை கன அடி. சட்டிக் கணக்கில் போட்டால் கூம்பாக அள்ளுகிறவர் ஒரு விதம், தலைதட்டி அள்ளுகிறவர் ஒரு விதம். 40×35×25 செ.மீ. பெட்டியில் தலைதட்டி ஆறு முறை அளந்தால் ஒரு மூட்டைக்குச் சரி. மணல் ஈரமாக இருந்தால் பொங்கி நிற்கும், அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். முழு மூட்டையையும் ஒரேயடியாகக் குழைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து தண்ணீர் தெளித்துக் கிளறுவது எல்லாச் சைட்டிலும் நடக்கிறது. இறுகத் தொடங்கிய கலவைக்கு அப்புறம் பலம் ஏது?

அடுத்த வாரம் பூச்சு. கல் இடுக்குகளைச் சுரண்டி, சுவரை நனைத்து, கனம் காட்டக் கலவைப் பொட்டு வைத்து, தூக்குக்குண்டால் நேர் பார்த்து, 12 மி.மீ. கனத்தில் பூச வேண்டும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காவிட்டால் நேர்கோடாக வெடிக்கும். பல எஸ்டிமேட்டுகளில் இந்த வலைக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. கான்கிரீட் வார்க்கும் பலகையில் கம்பி படாமல் தாங்கும் கவர் பிளாக்கும் அப்படித்தான். தளத்துக்கு 20, தூணுக்கு 40 மி.மீ. இடைவெளி என்று வரைபடத்தில் இருக்கும். வாங்க மறந்தால் கம்பிக்கடியில் ஜல்லியைச் செருகுவார்கள். அது நழுவி, கம்பி பலகையில் உட்கார்ந்து, நாளடைவில் துருப்பிடித்துக் காரை விழும். கைப்படக் கட்டிப் பார்த்தவருக்கு இவை மறக்காது.

ரப்பர் கையுறை கட்டாயம். சிமென்ட் விரலை அரித்துவிடும்.

சொல்லித்தரும் மேஸ்திரிக்கு அன்றைய கூலியும் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். மதுரை வெயிலில் சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுவது கலவைக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

– கட்டட மேற்பார்வையாளர்கள் சிலர், ஒத்தக்கடை, மதுரை